‘விளங்கிச்சா?’

ஆசிரியத் தொழிலுக்கு வந்து இருபது வருடங்கள் தாண்டிவிட்டன. இந்தக் காலத்தில் நான் ஆக அதிகமாகக் கேட்ட கேள்வி எது என்று கணக்குப் பார்த்தால், பாடப் புத்தகத்திலுள்ள எந்தக் கேள்வியுமல்ல, “விளங்கிச்சா?” என்பதுதான். ஒரு பாடவேளைக்கு ஐந்தாறு தடவையாவது கேட்டிருப்பேன். அதற்குக் கிடைத்த பதிலும் இருபது வருடங்களாக ஒன்றுதான். “ஓம் சேர்!” முழு வகுப்பும் ஒரே குரலில் சொல்லும். அடுத்த நாள் கொப்பிகளை அடுக்கி வைத்துத் திருத்தத் தொடங்கினால்தான் அந்த ‘ஓம்’ எவ்வளவு பாரமானது என்பது தெரியவரும்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்த ஒரு விரிவுரையாளர் இதை அப்போதே சொல்லியிருந்தார். “விளங்கிச்சா என்று கேட்காதீர்கள். விளங்கியதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.” குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். பரீட்சைக்கும் எழுதினோம். பிறகு பாடசாலைக்கு வந்து முதல் நாளே “விளங்கிச்சா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டோம். அந்த விரிவுரையின் அர்த்தம் எனக்கு விளங்கியது 2023ஆம் ஆண்டில், ஒரு கையடக்கத் தொலைபேசியின் மூலமாக.

கலகெதர, கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டையால் திரும்பிக் குருநாகல் போகும் வீதியில் இருக்கிறது. மிளகும் கராம்பும் காயும் முற்றங்கள், மலைச்சரிவில் வீடுகள், மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் பள்ளத்தாக்குகள். எங்கள் பாடசாலை பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே ஒருநாள் கொழும்பிலிருந்து ஓர் இளைஞனும் ஒரு யுவதியும் வந்தார்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் பயிற்சிச் செயலி ஒன்றைத் தமிழில் தயாரித்துக்கொண்டிருப்பதாகவும், அதைப் பெற்றோர் சிலரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றும் சொன்னார்கள். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அதிபர் அவர்களை என்னிடம் அனுப்பிவைத்தார்.

“எத்தனை பேர் வேணும்? ஐம்பது பேரையும் கூட்டித் தரலாம்” என்றேன்.

“ஐந்து பேர் போதும் சேர்” என்றாள் அந்தப் பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து பேரைப் பார்த்துவிட்டு நாட்டுக்கே செயலி செய்வதா? அவள் பொறுமையாக விளக்கினாள். ஜேக்கப் நீல்சன், தோமஸ் லண்டவர் என்ற இருவர் 1993இல் ஒரு கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மென்பொருளை ஒருவரிடம் கொடுத்துப் பாவிக்கச் சொல்லிப் பக்கத்திலிருந்து பார்த்தால், அதிலுள்ள குறைகளில் சராசரியாக 31 சதவீதம் தெரியவரும். அடுத்தவர் சில பழைய குறைகளையும் சில புதியவற்றையும் காட்டுவார். ஐந்தாவது ஆள் முடியும்போது ஏறத்தாழ 85 சதவீதம் அகப்பட்டுவிடும். அதற்குப் பிறகு ஐம்பது பேரை இருத்துவதைவிட, கண்ட குறைகளைத் திருத்திவிட்டு இன்னும் ஐந்து பேரிடம் போவது மேல்.

யோசித்துப் பார்த்தேன். தவணைப் பரீட்சையில் ஐந்து விடைத்தாள்களைத் திருத்தும்போதே எந்தக் கேள்வியை நான் பிழையாக எழுதியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிடும். எத்தனை பிள்ளைகள் சித்தியடைவார்கள் என்று சொல்ல முழுக்கட்டையும் திருத்த வேண்டும். ஆனால் கேள்வித்தாளின் பிழையைக் காண ஐந்து தாள் போதும். பேசாமல் ஒத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஐந்து பேரையும் நான்தான் தெரிவு செய்தேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பெண்கள் இருவர், ஆசிரியை ஒருவரின் தங்கை, கடைக்காரர் ஒருவர், மத்திய கிழக்கில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு வாப்பா. எல்லாரும் நன்றாகக் கதைக்கக்கூடியவர்கள், நல்ல ஃபோன் வைத்திருப்பவர்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் ஊரின் மானம் போய்விடக்கூடாது அல்லவா? “கூட்டங்களுக்கு வழமையாக வராத பெற்றோர் யாராவது இருக்கிறார்களா சேர்?” என்று அந்த யுவதி கேட்டாள். “அப்படி ஒருத்தருமில்ல” என்றேன்.

*

ஆறாம் வகுப்பறையில் ஒரு மேசை போட்டோம். அந்த யுவதி ஒவ்வொருவரிடமும் முதலில் ஒரு தாளை வாசித்துக் காட்டினாள். பெயர் எங்கும் வராது, விருப்பமில்லாவிட்டால் இடையில் எழுந்து போகலாம் என்று அதில் இருந்தது. பிறகு, “நாங்கள் சோதிப்பது உங்களை அல்ல, இந்தச் செயலியைத்தான். எங்காவது தடுமாறினால் அது எங்களுடைய பிழை. செய்யும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்” என்றாள்.

முதலில் வந்த சங்கத்துப் பெண் ஃபோனைக் கையில் எடுத்தார். திரையைத் தொட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நல்லா ஈக்கிது, மாஷா அல்லாஹ்” என்றார். இன்னொன்றைத் தொட்டார். மறுபடியும் என்னைப் பார்த்தார். “பிள்ளைகளுக்கு மிச்சம் பிரயோசனம்.” நான் தலையை ஆட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தேன். அவர் ஓரிடத்தில் தடுமாறியபோது, “அந்தப் பச்சைப் பொத்தானை அமத்துங்க” என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் யுவதி என்னிடம் வந்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். “சேர், குறை நினைக்காதீங்க. அடுத்தவங்க வரும்போது கொஞ்சம் வெளியில இருக்க ஏலுமா?”

என் பாடசாலை, என் வகுப்பறை, நான் கூட்டி வந்த பெற்றோர். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஒன்றும் சொல்லாமல் விறாந்தைக்கு வந்து வாங்கில் உட்கார்ந்தேன். கிராமத்துப் பாடசாலைக் கட்டடங்களுக்கு அரைச்சுவர்தான். பார்க்காவிட்டாலும் கேட்கும்.

நான் வெளியே வந்ததும் உள்ளே பேச்சே மாறிப்போனது. கடைக்காரர், “இந்த எழுத்து எனக்குக் கண்ணுக்குத் தெரியல்ல தங்கச்சி” என்றார். ஆசிரியையின் தங்கை, “உள்நுழை எண்டு போட்டிருக்கே, எதுக்குள்ள நுழையச் சொல்றாங்க?” என்று சிரித்தார். என் முன்னால் ஒருவருமே இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மரியாதை என்பது நல்ல குணம்தான். ஆனால் உண்மையை மறைப்பதற்கு அதைப் போல நல்ல போர்வை வேறில்லை.

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும் இந்த முறை புதிதல்ல என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். மனிதர் ஒரு கணக்கைத் தீர்க்கும்போது மனதில் என்ன நடக்கிறது என்பதை அறிய, எரிக்சன், ஹேர்பேர்ட் சைமன் என்ற ஆய்வாளர்கள் 1980இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1982இல் ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் என்பவர் இதைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் ஸெரொக்ஸ் நிறுவனத்தில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர், போட்டோப்பிரதி இயந்திரத்துக்கு முன்னால் ஆட்களை இருவர் இருவராக நிறுத்திப் படம் பிடித்தார். இருவராக இருந்தால் ஒருவரோடொருவர் இயல்பாகக் கதைப்பார்கள் அல்லவா? கணினித் துறையில் கரை கண்ட விஞ்ஞானிகள் இருவர் அந்த இயந்திரத்தில் பிரதி எடுக்கத் தெரியாமல் திண்டாடிய படமும் அவற்றுள் ஒன்று. ‘பாவிப்பவருக்கு அறிவு போதாது’ என்று இயந்திரம் செய்தவர்கள் இனிச் சொல்ல முடியாது போயிற்று. சச்மனின் நூல் 1987இல் வெளிவந்தது.

*

ஐவரும் முடிந்து பொருட்களை அடுக்கும் நேரம். ஒரு தாய் அலுவலகத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மகளின் விடுகைப் பத்திரம் வாங்க வந்திருந்தார். தையல் பயிற்சி வகுப்பொன்றில் சேர அது தேவையாம். எழுதுவினைஞர் பகலுணவுக்குப் போயிருந்தார். யுவதி அவரைக் கண்டு, “உம்மா, சும்மா பத்து நிமிஷம் இதைப் பார்த்துத் தருவீங்களா?” என்று கூப்பிட்டாள். நான் தடுத்திருப்பேன். ஆனால் ஏற்கனவே வெளியே அனுப்பப்பட்டவன் என்ன சொல்வது?

அந்தத் தாயை எனக்குத் தெரியும். மகளையும் தெரியும். 2020இல் தரம் 10இல் என் வகுப்பில் இருந்தவள்.

உள்ளே நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு அவருடைய குரல் கேட்டது. “காலாவதி எண்டு வந்த. இது மருந்துப் போத்தல்ல ஈக்கிற சொல்லு. இது பழுதாப் பெய்த்தா மகள்?” கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால், ‘அமர்வு காலாவதியாகிவிட்டது’ என்று அந்தச் செயலி காட்டுமாம். ஃபோனைத் தான் பழுதாக்கிவிட்டதாக அவர் பயந்துபோயிருந்தார்.

யுவதி ஒன்றும் விளக்கவில்லை. “இதைப் போல முன்னாலயும் எப்பவாவது நடந்திருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

அப்போது அந்தத் தாய் சொன்னது இது:

“கொரோனா நேரம் சேர் வட்ஸ்அப்ல பாடம் அனுப்பின. ஒண்டும் தொறக்க ஏலாமப் பெய்த்து. ஃபோன்ல எடமில்ல எண்டு வந்த. மகள் படமெல்லாம் அழிச்சிப் பாத்த. வாப்பா மௌத்தாக முந்தி எடுத்த படமும் அதுல ஈந்திச்சி, அதையும் அழிச்ச. அதுக்குப் பொறகும் தொறக்கல்ல. சேருக்குச் சொல்ல வெக்கம். பொறகு அவ படிப்பே வேணாமெண்டு விட்டுட்டா.”

நான் அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

*

2020 மார்ச் 13ஆம் திகதி முதல் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறப்பதும் மூடுவதுமாக 2021ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை அது இழுபட்டது. நாங்களும் சும்மா இருக்கவில்லை. வட்ஸ்அப் குழுமம் அமைத்தோம். நான் இரவிரவாகக் கணித பாடத்தை அழகான கையெழுத்தில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு பாடத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து படங்கள் அனுப்பினேன். தெளிவாக இருக்க வேண்டுமென்று ஆகப் பெரிய அளவில் எடுத்தேன். அந்தத் தெளிவுதான் அவளுடைய பழைய ஃபோனை நிரப்பியது.

குழுமம் தொடங்குமுன் எல்லா வீடுகளுக்கும் ஒரு கேள்வி கேட்டேன். “வீட்டில ஃபோன் இருக்கா?” எல்லாரும் “ஓம் சேர்” என்றார்கள். எனக்குத் திருப்தி.

ஒரு மாதம் சென்றபின் இன்னொரு கேள்வியைக் குழுமத்தில் போட்டேன். “பாடம் கிடைக்காதவர்கள் அறிவிக்கவும்.” ஒருவரும் அறிவிக்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் கிடைக்கிறது என்று அறிக்கையில் எழுதினேன்.

இப்போது இந்த வரியைத் திரும்ப எழுதும்போதே கை கூசுகிறது. பாடம் கிடைக்காதவரிடம், பாடம் கிடைக்காத அதே வழியால், கிடைக்கவில்லையா என்று கேட்டிருக்கிறேன். வகுப்புக்கு வராத பிள்ளைகள் கையை உயர்த்துங்கள் என்று வகுப்பறையில் நின்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பட்டதாரி ஆசிரியர்களும் பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் நிறைந்த எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அவளுடைய பெயருக்கு நேரே என் பதிவேட்டில், ‘கற்றலில் ஆர்வம் குறைவு’ என்று எழுதினேன். பாடசாலை திறந்தபின் சில நாட்கள் வந்தாள். மற்றவர்கள் முக்கோணங்களில் நிற்க, அவள் பின்னங்களிலேயே தங்கிவிட்டாள். பிறகு வரவில்லை. 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதம் நடந்தபோது அவளுடைய ஆசனம் வெறுமையாக இருந்தது. ‘பெண்பிள்ளை, கலியாணம் பேசுகிறார்கள் போலும்’ என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். நானும் அதையே நம்பிக்கொண்டேன். வசதியான நம்பிக்கை அது.

*

‘வீட்டில் ஃபோன் இருக்கிறதா’ என்ற கேள்வியின் பிழையை எங்கள் நாட்டிலேயே சிலர் எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் 2004இல் ஆரம்பிக்கப்பட்டது. ஆசிய நாடுகளின் குறைந்த வருமானமுள்ள மக்கள் தொலைபேசியை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று அது வருடக்கணக்காக ஆராய்ந்தது. 2006இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் 8,600க்கு மேற்பட்டோரிடம் சென்றார்கள். சென்று கேட்டதோடு நிற்கவில்லை. ஆட்களிடம் நாட்குறிப்பொன்றைக் கொடுத்து, பேசிய அழைப்புகளை அவ்வப்போது எழுதி வைக்கச் சொன்னார்கள். மனிதர் தம் பழக்கத்தைப் பற்றி நினைவிலிருந்து சொல்வதும், அன்றன்று எழுதி வைத்ததும் ஒன்றாக இருப்பதில்லை. நோன்பு காலத்தில் எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டோம் என்று நாம் சொல்வதையும், கடைக்காரரின் கடன் கொப்பியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

அந்த ஆய்வுகளில் தெளிவான ஒன்று, தொலைபேசியை வைத்திருப்பது வேறு, பாவிப்பது வேறு என்பதாகும். சொந்தத் தொலைபேசி இல்லாதவர்களும் அயல்வீட்டிலோ கடையிலோ உறவினரிடமோ வாங்கிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மறுபக்கம், வீட்டில் ஃபோன் இருக்கும், ஆனால் அது மகனோடு கண்டிக்குப் போய்விடும். நான் கேட்டிருக்க வேண்டியது, “அது யாருடைய ஃபோன்? எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? கடைசியாக அதில் என்ன செய்தீர்கள், காட்டுங்கள் பார்க்க” என்பதுதான்.

பெரிய கம்பனிகளும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டன. நொக்கியாவின் ஆய்வாளராக இருந்த ஜான் சிப்சேஸ் உகண்டாவின் கிராமங்களில் ஒரே ஃபோனைப் பலர் பகிர்ந்து பாவிப்பதைக் கண்டு எழுதினார். 2007இல் வந்த நொக்கியா 1200இல் ஒரே ஃபோனுக்குள் வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு இலக்கப் புத்தகங்கள் வைக்க வசதி இருந்தது. அதற்கு முன் 2003இல் வந்த நொக்கியா 1100ஐ எங்கள் ஊரில் ஞாபகமில்லாதவர் இருக்க மாட்டார். சுபஹு தொழப் போகும்போது ஒழுங்கையில் வெளிச்சம் பிடித்துப் போன டோர்ச் ஃபோன் அதுதான். உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. மின்சாரம் அடிக்கடி போகும் நாட்டில் மனிதன் இரவில் எப்படி நடக்கிறான் என்பதைப் பார்த்தவனுக்குத்தான் ஃபோனின் தலையில் ஒரு மின்குமிழை வைக்கத் தோன்றும்.

எங்கள் கண்டிப் பக்கத்துக்கே உரிய இன்னொரு கதை கொத்மலையுடையது. கம்பளையைக் கடந்து போனால், மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்காகக் குடியிருப்பு மாறிய மக்கள் வாழும் பகுதி அது. அங்கே 1989இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் ஒரு சமூக வானொலி தொடங்கியது. 1999இல் யுனெஸ்கோவின் ஆதரவோடு அந்த வானொலிக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. அக்காலத்தில் கிராமத்தில் இணையம் என்ற சொல்லே புதிது. கணினியை வைத்துக் கதவைத் திறந்துவிட்டு ‘வந்து பாவியுங்கள்’ என்று சொல்லியிருந்தால் ஒருசில இளைஞர்கள் வந்திருப்பார்கள். அவர்கள் வேறொன்று செய்தார்கள். நேயர்கள் தங்களுக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டு அனுப்ப, அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, கண்டதை மக்களின் மொழியில் ஒலிபரப்பிலேயே எடுத்துச் சொன்னார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி செய்து கொடுத்தார்கள். பிற்காலத்தில் ஒரு முச்சக்கர வண்டியிலேயே கணினியையும் ஒலிபரப்புச் சாதனங்களையும் ஏற்றி ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள்.

இதனால் பயன் உண்டா என்று பார்க்க டொன் ஸ்லேட்டர், ஜோ டாச்சி, பீட்டர் லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் வந்தார்கள். 2002இல் அவர்களுடைய ஆய்வு வெளியானது. ‘இணையம் பாவிக்கிறீர்களா?’ என்ற கேள்வியோடு அவர்கள் தொடங்கவில்லை. இந்த ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள், எதன் வழியாகச் செய்தி போகிறது, கடைத்தெரு, பன்சலை, பேருந்து, வானொலி, கடிதம் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிக் கலந்திருக்கின்றன என்று முழுச் சூழலையும் பார்த்தார்கள். ஊரிலிருந்து பார்த்தல், ஆறுதலாகக் கதைத்தல், நாட்குறிப்பு, அன்றன்றைய களக்குறிப்பு என்பனவே அவர்களுடைய கருவிகள். கண்டறிந்ததை உடனுக்குடன் திட்டத்துக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த முறையின் ஒரு பகுதி. 2003இல் யுனெஸ்கோ அதை ஒரு கைந்நூலாக வெளியிட்டது. பிற நாட்டவர் கைக்கொண்ட ஒரு முறை, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் பிடித்துப் போகக்கூடிய இடத்தில் உருவாகியிருக்கிறது. அந்த நாட்களில் நான் ‘பிள்ளையை அறிதல்’ என்ற பாடத்தை மனனம் செய்துகொண்டிருந்தேன்.

*

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது, நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டியதில்லை. கண்டிப் பிரதேசத்து முஸ்லிம் ஊர்கள் சிலவற்றின் பெயரில் இன்றும் ‘மடிகே’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மன்னர் காலத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த பிரிவின் பெயர் அது. நம் முன்னோர் பலர் அதில் பணியாற்றினர். உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றி, பாக்கைக் கீழே இறக்கிய அந்த மனிதர்களுக்கு ஒவ்வொரு வாசலிலும் என்ன தேவை என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் மாட்டின் முதுகில் ஏற்றிய சுமையைத் திரும்பச் சுமந்துகொண்டுதான் வரவேண்டும்.

அரபுத் தமிழையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். ஓதத் தெரிந்த ஆனால் தமிழெழுத்துத் தெரியாத நம் மூத்தம்மாமார், மார்க்க விடயங்களையும் கதைகளையும் அரபெழுத்தில் எழுதிய தமிழில்தான் வாசித்தார்கள். ‘முதலில் எழுத்துப் படித்துவிட்டு வாருங்கள்’ என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களிடம் ஏற்கனவே இருந்த எழுத்துக்குத் தமிழைக் கொண்டுபோனார்கள். தமிழில் இல்லாத ஒலிக்கும் அரபில் இல்லாத ஒலிக்கும் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்து ஒழுங்கு செய்தார்கள். இன்று என் உம்மா ஃபோனில் ஓர் எழுத்தும் தட்டமாட்டார். ஆனால் மைக் படத்தை அமத்திப் பிடித்து மாலைதீவில் இருக்கும் தம்பிக்கு நான்கு நிமிடம் பேசி அனுப்புவார். அவருக்குத் தெரிந்தது பேச்சு. அவருக்கு அந்த மைக் படத்தை வைத்துக் கொடுத்தவன் யாரென்று தெரியாது. அல்லாஹ் அவனுக்கு அருள் செய்யட்டும்.

நான் மட்டும்தான் எனக்குத் தெரிந்த எழுத்தில், எனக்கு வசதியான அளவில், எனக்கு நேரமிருந்தபோது பாடம் அனுப்பியிருக்கிறேன்.

*

அன்று பின்னேரம் விடுகைப் பத்திரம் என் கைக்கு வந்தது. வகுப்பாசிரியராக இருந்தவன் என்ற வகையில் குறிப்பு எழுத வேண்டும். பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதுவதுதான் வழமை. பார்க்கவில்லை. ‘முயற்சியுள்ளவர்’ என்று எழுதி அதிபரின் கையொப்பத்துக்கு அனுப்பினேன். வாப்பாவின் படத்தை அழித்துப் பார்த்தவளுக்கு வேறென்ன எழுதுவது?

அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாய் வரவில்லை. “என்ன உதவி வேணும்?” என்று கேட்க நினைத்து அதையும் அடக்கிக்கொண்டேன். கேட்டால், “ஒண்டும் வேணாம் சேர்” என்றுதான் வரும். பிளேன்டீ குடித்தபடி சும்மா இருந்தேன். அவள் யன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தாள். இடையில் ஃபோனை எடுத்து, தட்டாமல், வாயால் எதையோ கேட்டாள். சட்டைக் கழுத்து வெட்டும் ஒரு வீடியோ வந்தது. நிறுத்தி, அளவைப் பார்த்து, துணியில் சோக்கால் குறித்தாள். கழுத்துச் சுற்றளவை ஆறால் வகுத்துக்கொண்டிருந்தாள். நான் மூன்று மாதம் அனுப்பியும் போய்ச் சேராத பின்னம், துணியின் மேல் சோக்குக் கோடாக இருந்தது.

“தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணக்குப் பாடத்தை எழுதலாமே மகள்” என்றேன் கடைசியில்.

“இப்ப வேணாம் சேர்” என்றாள். முகத்தில் கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் மேலே வற்புறுத்தவில்லை. இந்த ஒரு பதிலாவது மரியாதைக்குச் சொன்னதல்ல என்று எடுத்துக்கொண்டேன். போகும்போது உம்மா வாசல்வரை வந்து, “தம்பிக்காரன் தரம் ஏழுல ஈக்கிறான் சேர், அவனக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றார்.

கொழும்புப் பிள்ளைகள் நான்கு மாதம் கழித்துத் திரும்ப வந்தார்கள். ‘காலாவதி’ போய், ‘கொஞ்ச நேரம் பாவிக்காததால் மூடிவிட்டோம். மீண்டும் தொடங்க இங்கே தொடுங்கள்’ என்றிருந்தது. எழுத்துப் பெரிதாகி, பக்கத்தில் வாசித்துக் காட்டும் ஒலிபெருக்கிப் படமும் வந்திருந்தது. இம்முறை பெற்றோரைத் தெரிவு செய்யச் சொன்னபோது, வரவுப் பதிவேட்டை எடுத்து, ஆகக் குறைந்த வரவுள்ள பிள்ளைகளின் வீடுகளிலிருந்து தொடங்கினேன். அவர்களை வரவழைக்கவும் இல்லை. நாங்களே போனோம். சிக்னல் எங்கே போகிறது என்பதை அந்த இளைஞன் மலைப்பாதையில் மூச்சிரைக்க நின்று தெரிந்துகொண்டான்.

இப்போது நான் பாடம் அனுப்ப வேண்டி வந்தால், ஒரு சிறிய படமும் இரண்டு நிமிடக் குரல் பதிவும்தான். அனுப்பிய மறுநாள் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய், “அது வந்த விதத்தைக் காட்டு பார்க்க” என்கிறேன். வகுப்பில் பிள்ளைகளை இருவர் இருவராக இருத்தி, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்க விட்டுவிட்டுப் பின்வாங்கில் உட்கார்ந்து கேட்கிறேன். நான் கற்பித்தது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைக் கேட்கச் சில நாட்கள் தைரியம் வேண்டியிருக்கிறது.

பழக்கம் மட்டும் முற்றாகப் போகவில்லை. போன கிழமையும் கரும்பலகைக்கு முன்னால் நின்று என்னையறியாமல் “விளங்கிச்சா?” என்று கேட்டுவிட்டேன். “ஓம் சேர்!” என்றது முழு வகுப்பும். அந்தத் தம்பிக்காரனும் சொன்னான். நான் சோக்கை அவனிடம் நீட்டினேன்.

அவன் எழுந்து வந்தான். பிழையாகத்தான் செய்தான். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.